கருவியின் கீழ்வரம்பு

பண்ணுருட்டியிலிருந்து நெய்வேலியை நோக்கித் தெற்கே செல்லும் சாலையில் காடாம்புலியூர் என்னும் ஊர் உள்ளது. செம்மண் நிலம். சாலையின் இருபுறமும் முந்திரியும் பலாவும் அடர்ந்திருக்கும். முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழில் இப்பக்கத்து ஊர்களிற் பல குடும்பங்களைக் காத்து வருகிறது. சிலர் கையால் தட்டி உடைப்பர். சிலர் பொறியின் துணையால் உடைப்பர். பருப்பை வாங்க வரும் வணிகர் ஒருவர், "இன்ன பொறியில் உடைத்த பருப்பையே நான் வாங்குவேன்" என்று விதி செய்வதாக வைத்துக்கொள்வோம். கேட்பவர்க்கு அது பருப்பைப் பற்றிய விதியாகவே தோன்றும். ஆனால் அப்பொறியை வாங்க இயலாத வீட்டில் அன்று மாலை அடுப்பு எரியுமா என்று கேட்டுப் பார்த்தால், அது மக்களைப் பற்றிய விதி என்பது விளங்கும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இத்தகைய விதி ஒன்றைப் பற்றியதே. கணிப்பொறி உலகில் கட்டற்ற மென்பொருள் என்று ஒரு வகை உண்டு. அதன் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். அத்தகைய மென்பொருளுக்கு விளக்க நூல்களும் உண்டு. இவற்றை எழுதுவோர் எளிய குறியீடுகள் இட்ட வெறும் எழுத்தாகவே எழுதிவைக்கின்றனர். அவ்வெழுத்தைத் தலைப்பும் பத்தியும் அட்டவணையும் கொண்ட பக்கங்களாக ஆக்கித் தருவதற்கு ஒரு கருவி வேண்டும். கையெழுத்துப்படியை நூலாக்க அச்சுப்பொறி வேண்டுவது போன்றது இது. அக்கருவியும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. "இந்நூலை உருவாக்க, கருவியின் இன்ன பதிப்பாவது உங்களிடம் இருத்தல் வேண்டும்" என்று நூலின் வாயிலில் எழுதிவைப்பதே கீழ்வரம்பு குறித்தல் ஆகும்.

ஓர் எண்ணைக் குறிப்பதில் வரலாறு என்ன இருக்கிறது என்று நேயர்கள் வினவலாம். இந்த எண் புதியது. இதன் பின்னுள்ள கேள்வி பழையது. எழுதுவோரும் படிப்போரும் உடைய கருவி யாது, எந்த அளவு கருவி இருந்தால் இப்பணியிற் பங்கு பெறலாம் என்னும் கேள்வி தமிழ் ஏட்டில் எழுதப்பட்ட காலந்தொட்டே இருந்து வந்துள்ளது. அதற்குக் கிடைத்த விடைகள் நன்மையும் செய்துள்ளன, தீமையும் செய்துள்ளன. அவற்றை நோக்கிய பின்னரே இன்றைய எண்ணின் பொருள் நமக்குத் தெளிவாகும்.

முதலில் பனையோலையை எடுத்துக்கொள்வோம். ஓலையில் எழுத்தாணியாற் கீறி எழுதினர். புள்ளியை அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும்; ஆதலின் மெய்யெழுத்தின் மேல் புள்ளியிடாமலே எழுதுவது ஏடெழுதுவோர் வழக்கமாயிற்று. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை தெரியாமற் போயிற்று. கருவியின் குறையை ஈடுசெய்யும் பாரம் படிப்பவர் தலையில் விழுந்தது. பயின்றவர் இடம் நோக்கிப் படித்துக்கொண்டனர், பயிலாதவர் தடுமாறினர். பழைய ஏடுகளைத் தேடி எடுத்துச் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சிற் கொணர்ந்த உ.வே. சாமிநாதையர் போன்ற பேரறிஞர்களுக்கே ஏட்டைப் படித்து உண்மைப் பாடத்தைக் காண்பது பெரும் உழைப்பாய் இருந்தது. கருவி மிகத் தாழ்ந்திருப்பின், மொழி தன் உருவிற் சிறிதை இழந்தே அதனுள் நுழைய வேண்டியிருக்கிறது. இஃது ஓலை நமக்குக் கற்பித்த பாடம்.

இனி மற்றொரு புறத்தைப் பார்ப்போம். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து கடற்கரையோரமாய்த் தெற்கே சென்றால் தரங்கம்பாடி வரும். சீகன்பால்கு 1706-இல் அங்கு வந்திறங்கினார். 1712-இல் அவ்வூருக்கு அச்சுப்பொறி வந்தது; மறு ஆண்டு செருமனியின் ஆலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. பொறியும் எழுத்தும் இருந்தும் ஓர் இடர் எழுந்தது. அந்த எழுத்துகள் அளவிற் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் ஒரு பக்கத்திற் சில வரிகளே அடங்கும். தாளோ கடல் கடந்து வரவேண்டும். உள்ள தாள் நூல் முடியுமுன்னரே தீர்ந்துவிடும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கி அவ்வெழுத்துகளை வார்த்தனர் என்று கூறுவர். அவற்றின் துணைகொண்டு புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. பின்னர்ப் பொறையாற்றில் தாள் செய்யும் ஆலை ஒன்றையும் அமைத்தனர்.

இந்நிகழ்ச்சியை நான் எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஆலேயில் எழுத்தை வார்த்தவர்கள் திறமையிற் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அந்த எழுத்தைக் கொண்டு நூல் செய்யப்போகும் இடத்தில் தாள் எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்கள் தொலைவில் இருந்துகொண்டு அறிய இயலவில்லை. கருவி தன்னளவில் நன்றாய் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தும் இடத்தின் இருப்புக்கும் அது பொருந்த வேண்டும். இது தரங்கம்பாடி தந்த பாடம். ஓலையின் பாடத்தையும் இதனையும் சேர்த்துப் பார்த்தால் நம் கேள்வியின் இரண்டு பக்கங்களும் கிடைத்துவிடுகின்றன. வரம்பு மிகத் தாழ்ந்தால் மொழி குறைபடும். மிக உயர்ந்தால் பணி நின்றுவிடும்.

தமிழ் கணிப்பொறிக்கு வந்தபோது இக்கேள்வி மறுபடியும் எழுந்தது. தொடக்கத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவாறு எழுத்துகளுக்கு எண் கொடுத்தனர். ஒருவர் எழுத்துருவில் ககரத்துக்கு உரிய எண், மற்றொருவர் எழுத்துருவில் வேறோர் எழுத்துக்கு உரியதாயிற்று. ஓர் அலுவலகத்தில் எழுதிய மடல் மற்றோர் அலுவலகத்தில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. இக்குழப்பத்தை நீக்க இணையத்திற் கூடிய தமிழ் ஆர்வலர்கள் திஸ்கி என்னும் குறியீட்டு முறையை அமைத்தனர். 1999 பிப்ரவரியிற் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு தாப், தாம் என்னும் முறைகளை ஏற்றது. தமிழ்99 என்னும் விசைப்பலகையும் அப்போது வந்ததே.

இதனிடையே உலக மொழிகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அமைக்கும் யூனிகோடு 1991-இல் வெளிவந்தது. அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம் பெற்றது. அங்ஙனமாயின், எட்டு ஆண்டுகள் கழித்து 1999-இல் வேறு முறைகளை ஏன் நாடினர்? விடை கீழ்வரம்பில்தான் இருக்கிறது. அட்டவணையில் எழுத்து இருந்தால் போதாது. கொம்பை முன்னும் காலைப் பின்னும் சேர்த்து எழுத்தை உருவாக்கிக் காட்டும் திறன் கணிப்பொறியின் இயங்குதளத்தில் இருத்தல் வேண்டும். விண்டோஸ் வரிசையில் அத்திறன் தமிழுக்கு முதன்முதலில் விண்டோஸ் 2000 என்னும் பதிப்பில்தான் வந்தது. அப்போது நாட்டிலிருந்த மேசைகள் பலவற்றில் விண்டோஸ் 95-உம் 98-உமே இருந்தன. "யூனிகோட்டில் எழுதுங்கள்" என்று அன்று ஆணையிட்டிருந்தால், அதற்குப் "புதிய இயங்குதளம் வாங்குங்கள்" என்பதே பொருள். புதிய இயங்குதளத்தைப் பழைய பொறி தாங்காது; ஆகவே "புதிய பொறி வாங்குங்கள்" என்பதும் அதனுள் அடங்கும்.

இந்த இடைக்காலத்தில் ஒரு நல்ல முன்மாதிரியும் நமக்குக் கிடைத்தது. 1998 பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்னெழுத்தாக்கி விலையின்றி வழங்கி வருகிறது. அதன் நூல்கள் முதலில் பழைய எழுத்துரு முறைகளில் வெளிவந்தன. யூனிகோடு பரவத் தொடங்கியதும் அம்முறையிலும் தந்தனர். ஆனால் திஸ்கி வடிவை உடனே எடுத்துவிடவில்லை. இரண்டையும் அருகருகே வைத்திருந்தனர். புதிய பொறி உடையவர் புதியதைப் படித்தார். பழைய பொறி உடையவர் பழையதைப் படித்தார். 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசு யூனிகோட்டை ஏற்று ஆணை பிறப்பித்தபோது, பெரும்பாலான பொறிகள் அதற்கு ஆயத்தமாகி இருந்தன. வரம்பை உயர்த்துவதற்கு உரிய காலம் எது என்பதை அந்தப் பொறுமை காட்டியது.

இனி விளக்க நூல்களை உருவாக்கும் கருவிக்கு வருவோம். பைத்தான் என்னும் கணிமொழியின் விளக்க நூலுக்காகக் கியோர்கு பிராண்டல் என்பவர் ஸ்பிங்க்ஸ் என்னும் கருவியைச் செய்தார். அது 2008-இல் வெளிவந்தது. எளிய குறியீடுகளோடு எழுதிய எழுத்தை அது வலைப்பக்கமாகவும் அச்சுப்பக்கமாகவும் ஆக்கித் தரும். பிற திட்டங்களும் அதனை விரைவில் மேற்கொண்டன. உலகின் மிகப் பெரிய கட்டற்ற மென்பொருள் பணிகளுள் ஒன்றாகிய லினக்ஸ் கருவகமும் 2016-இல் தன் விளக்க நூல்களை ஸ்பிங்க்ஸ் முறைக்கு மாற்றத் தொடங்கியது. அதற்குமுன் இருந்த டாக்புக் முறை கடினமானது. அதனைக் கற்றுக்கொண்டு எழுத வந்தோர் சிலரே. அந்நூல்களின் பொறுப்பாளராக ஜோனதன் கார்பெட் பல்லாண்டுகள் பணியாற்றி வந்துள்ளார்.

லினக்ஸ் கருவகத்தின் விளக்கத் தொகுதியில் ஒரு பக்கம் உண்டு. கருவகத்தையும் அதன் நூல்களையும் உருவாக்க எந்தெந்தக் கருவி எந்தப் பதிப்பிலாவது இருத்தல் வேண்டும் என்று அப்பக்கம் வரிசையாகக் கூறும். அதில் ஸ்பிங்க்ஸுக்கு நேரே இருந்த எண் மெல்ல மெல்ல ஏறி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் 1.7 என்று இருந்தது; பின்னர் 2.4.4 என்று ஆயிற்று, 2025-இல் 3.4.3 என்று உயர்த்தப்பட்டது. அவ்வாண்டில் ஸ்பிங்க்ஸின் புதிய பதிப்பு 8-ஆம் வரிசையை எட்டியிருந்தது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். உச்சி எட்டில் இருக்க, கீழ்வரம்பு ஏன் மூன்றில் நின்றது?

அந்த எண் தற்செயலாய் அமைந்ததன்று. டெபியன் என்னும் புகழ்பெற்ற கட்டற்ற இயங்குதளத்தின் 11-ஆம் பதிப்பு 2021 ஆகஸ்டில் வெளிவந்தது. அதனோடு சேர்ந்து வரும் ஸ்பிங்க்ஸின் பதிப்பு 3.4.3. நான்கு ஆண்டுகளுக்கு முன் நிறுவிய இயங்குதளத்தை மாற்றாமல் வைத்திருப்பவரும், வேறெதனையும் தேடி இறக்கிக்கொள்ளாமல், தம் கையில் உள்ளதைக் கொண்டே இந்நூலை உருவாக்கலாம் என்பதே அவ்வெண் கூறும் செய்தி. ஆகவே அந்த எண் ஒரு மனிதரைக் குறிக்கிறது. இத்தனை ஆண்டுப் பழைய பொறியோடு இருப்பவரை நாங்கள் கைவிடமாட்டோம் என்னும் வாக்குறுதியாக நிற்கிறது.

அங்ஙனமாயின் வரம்பை உயர்த்தாமலே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். அதற்கும் தடை உண்டு. 2020 ஏப்ரலில் வெளிவந்த ஸ்பிங்க்ஸ் 3.0 பதிப்பில், சி மொழியின் செயற்கூறுகளை விளக்கும் பகுதியை முற்றிலும் புதிதாய் எழுதியிருந்தனர். பழைய பதிப்புக்கு ஏற்ப எழுதிய கருவக நூல்கள் புதிய பதிப்பில் செவ்வனே உருவாகவில்லை. புதியதற்கு ஏற்பத் திருத்தினால் பழைய பதிப்பு தடுமாறும். எனவே, "இப்பதிப்பாயின் இவ்வாறு செய்க, அப்பதிப்பாயின் அவ்வாறு செய்க" என்று இரட்டை வழிகளைக் கட்டளைத் தொகுப்பில் எழுதிவைக்க நேர்ந்தது. இத்தகைய கிளைவழிகள் பெருகப் பெருக, அவற்றைப் பேணுவோரின் பாரமும் பெருகும். அவர்களுட் பலர் ஊதியம் கருதாது ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். பழைய பொறி உடையவரைக் காப்பதற்காகப் பேணுவோரை நசுக்கிவிடுதலும் அறமாகாது. கீழ்வரம்பை உயர்த்தியபோதெல்லாம் அத்தகைய பழைய கிளைவழிகளை நீக்கிவிட முடிந்தது. பேணுவோரின் தோள் சற்று இளைப்பாறியது.

உயர்த்துவதற்கு இதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு. அது மொழி பற்றியது. அச்சுப்பக்கம் கோக்கும் டெக் என்னும் மென்பொருளை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு நூத் செய்தார். அதனை முடித்துவிட்டதாகவே அவர் கருதியிருந்தார். இனி மாற்றங்கள் வேண்டா என்பது அவர் கொள்கை. இன்று எழுதிய நூல் எத்தனை ஆண்டு கழிந்தாலும் இதே பக்கமாக வரவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் 1989-இல் ஐரோப்பிய நாட்டு அன்பர்கள் தம் மொழிகளின் எழுத்துகளை நேரே ஏற்கும் ஆற்றல் அதற்கு இல்லையென்று முறையிட்டனர். நூத் தம் கொள்கையைத் தளர்த்தி, எண்பிட்டு எழுத்துகளை ஏற்கும் 3.0 பதிப்பை 1990-இல் வெளியிட்டார். அதன்பின் மறுபடியும் கதவை மூடிக்கொண்டார். இன்று அதன் பதிப்பு எண் திருத்தந்தோறும் பை என்னும் கணித எண்ணை ஓர் இலக்கம் நெருங்குகிறது. பெரிய மாற்றம் எதுவும் இல்லை. புதுமைக்காக அவர் கதவைத் திறக்கவில்லை, மொழிக்காகத் திறந்தார்.

அப்போது திறந்த கதவின் வழியே தமிழ் முழுமையாக நுழைய இயலவில்லை. ஐரோப்பிய மொழிகளுக்கு ஓர் எழுத்தின் மேற்குறி போதும். தமிழுக்கு அது போதாது. 'கொ' என்று எழுதினால், ககரத்துக்கு முன்னே ஒரு கொம்பும் பின்னே ஒரு காலும் வரவேண்டும். நினைவகத்திலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக இருக்கும். இந்த இடமாற்றத்தைச் செய்து எழுத்தை உருவாக்கும் திறன் பழைய டெக் கருவியில் இயல்பாக இல்லை. ஜோனதன் கியூ என்பவர் 2004-இல் வெளியிட்ட சீடெக் என்னும் கருவி யூனிகோட்டையும் நவீன எழுத்துருக்களையும் நேரே ஏற்றது. ஆதலின் தமிழ் விளக்க நூல் ஒன்றை அச்சுப்பக்கமாக உருவாக்க வேண்டுவோர்க்குச் சீடெக் அல்லது அதனையொத்த கருவியே கீழ்வரம்பு. லினக்ஸ் கருவகமும் தன் அச்சுப்பக்கங்களுக்குச் சீடெக்கையே கையாளுகிறது. சீனம், சப்பானியம், கொரியம் ஆகிய மொழிபெயர்ப்புகள் அத்தொகுதியில் இருப்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கு ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதும் ஒருவர், "மிகப் பழைய கருவியும் போதும், எவரையும் விலக்க வேண்டா" என்று பெருந்தன்மையோடு கூறலாம். அந்தப் பெருந்தன்மை தமிழை விலக்கிவிடும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் பக்கத்தைப் படிக்க நேர்ந்த தமிழ் மாணவர்க்கு, அது ஓலைக்காலத்துப் பாரத்தை மீண்டும் தலையில் ஏற்றியதாகவே முடியும். எனவே தாழ்ந்த வரம்பே எப்போதும் ஏழைக்கு நன்மை என்று எண்ணுவதும் தவறு.

ஆயினும் உயர்வு ஒரு கயிறு போன்றது. ஒரு முனையை இழுத்தால் மறுமுனை வரை இழுபடும். ஸ்பிங்க்ஸின் 8-ஆம் வரிசைக்குப் பைத்தான் 3.10-ஆவது வேண்டும். பழைய இயங்குதளத்தில் அது இராது; எனவே இயங்குதளத்தை மாற்ற வேண்டும். புதிய இயங்குதளத்துக்கு நினைவகம் மிகுதியாக வேண்டின் பொறியையும் மாற்ற நேரும். ஓர் எண்ணை மாற்றியவர் தொலைவில் இருக்கிறார். அதற்கு விலை கொடுப்பவர் வேறோர் ஊரில் இருக்கிறார். இணையத்திலிருந்து புதிய கருவியைத் தனியே இறக்கிக்கொள்ளலாமே என்பர். அதற்கும் பொருந்திய பைத்தானும், நிலையான இணைப்பும், இடர் வந்தால் வழிகாட்டுவோரும் வேண்டும். ஆலேயில் வார்த்த பெரிய எழுத்தை இங்கு மறவாதிருத்தல் நலம்.

இந்த வேறோர் ஊர் காடாம்புலியூராகவே இருக்கலாம். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அவற்றின் வழியே, முன்பு கணிப்பொறியைக் கண்டிராத பல வீடுகளில் அது நுழைந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இந்தியக் கட்டற்ற இயங்குதளமும் அக்காலத்தில் மாணவர்க்கு அறிமுகமாயிற்று. அண்டையிலுள்ள விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கட்டற்ற மென்பொருளைப் பயிற்றி வருகிறது. 2012 தொடங்கிக் கணியம் என்னும் தமிழ் இதழ் இத்துறைச் செய்திகளைத் தமிழில் தந்து வருகிறது. ஆகவே, மென்பொருள் விளக்கங்களைத் தமிழில் எழுதக்கூடிய இளைஞர்கள் பெருநகரங்களில் மட்டும் இல்லை. முந்திரித் தோப்புக்கு நடுவே உள்ள வீடுகளிலும் இருக்கிறார்கள்.

அத்தகைய இளைஞர் ஒருவர் ஒரு விளக்க நூலிற் பிழை ஒன்றைக் காண்கிறார் என்று கொள்வோம். திருத்திவிட்டார். திருத்தியது சரியா என்று அறிய, நூலைத் தம் பொறியில் உருவாக்கிப் பார்க்க வேண்டும். கட்டளையை இடுகிறார். "உங்கள் கருவி பழையது, இதனினும் புதிய பதிப்பு வேண்டும்" என்று ஒரு வரி வருகிறது. மீண்டும் முயல்வார், இன்னொரு கருவியின் பெயரைச் சொல்லி மற்றொரு வரி வரும். மூன்றாம் முறை முயலாமல் மூடிவைத்துவிடுவார். அன்று அந்நூல் ஒரு திருத்தத்தை இழந்தது, அது பெரிதன்று. ஓர் எழுத்தாளரை இழந்தது, அதுவே பெரிது. வராமற் போனவர்களை எந்தக் கணக்கும் காட்டாது.

ஆதலின் கீழ்வரம்பு குறிப்போர் கடைப்பிடிக்கத்தக்க நெறிகள் சிலவற்றை இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, எண்ணைத் தேடுமுன் மனிதரைத் தேட வேண்டும். எத்தனை ஆண்டுப் பழைய இயங்குதளம் உடையவரை நாம் உடன் அழைத்துச் செல்கிறோம் என்று முடிவு செய்தால், எண் தானே வந்துவிடும். 3.4.3 வந்ததும் இவ்வழியில்தான்.

இரண்டாவது, உயர்த்துவதற்குக் காரணம் வேண்டும். ஒரு மொழியின் எழுத்துச் சரியாக வருவதற்காக உயர்த்தலாம். பேணுவோரின் தாங்க இயலாத பாரத்தைக் குறைப்பதற்காக உயர்த்தலாம். புதியது வந்துவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. அக்காரணத்தையும் ஆண்டையும் எண்ணின் அருகிலேயே எழுதிவைத்தல் வேண்டும். இல்லாவிடின், ஐந்து ஆண்டு கழித்து வருபவர் அந்த எண் ஏன் நிற்கிறது என்று அறியாமல், அஞ்சி அதனைத் தொடாமலும் விடுவார். அறியாமல் உயர்த்தியும் விடுவார்.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு வேண்டா. வலைப்பக்கம் உருவாக்கச் சிறிய கருவி போதும். அச்சுப்பக்கம் கோக்கவே டெக் குடும்பத்தின் பெருந்தொகுதி வேண்டும். திருத்தம் செய்பவர் வலைப்பக்கத்தில் உருவாக்கிப் பார்த்தாற் போதுமென்று விட்டுவிட்டு, அச்சுப்பக்கத்தின் பாரத்தைப் பேணுவோர் ஏற்கலாம். மதுரைத் திட்டம் இரு வடிவங்களை அருகருகே வைத்ததும் இத்தகைய அறிவுடைமையே.

நான்காவது, சொன்ன வரம்பைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். "3.4.3 போதும்" என்று எழுதிவிட்டு, எழுதியவர் எட்டாம் பதிப்பில் மட்டும் உருவாக்கிப் பார்ப்பாராயின், அவ்வாக்குறுதி என்று பொய்த்தது என்பது அவருக்கே தெரியாது. பழைய கருவியில் ஒருவர் அவ்வப்போது நூலை உருவாக்கிப் பார்த்தல் வேண்டும். எடைக்கல்லைக் குறித்த காலந்தோறும் சோதித்து முத்திரையிடுவது போன்ற கடமை இது.

ஓலையில் எழுதியவர் புள்ளியை விட்டார். படித்தவர் அதன் பாரத்தைச் சுமந்தார். ஆலேயில் வார்த்தவர் எழுத்தைப் பெரிதாக்கினார். தரங்கம்பாடியில் இருந்தவர் தாளின்றி வருந்தி, சிறிய எழுத்தை வார்த்துக்கொண்டார். இரண்டிலும் முடிவு ஓரிடத்திலும் அதன் விளைவு வேறோர் இடத்திலும் இருந்தன. இன்று விளக்க நூலின் வாயிலில் எண்ணை எழுதுபவர், அவ்வெண்ணுக்கு அப்பால் இருப்பவரை ஒருமுறை நினைத்துக்கொண்டு எழுதுவாராக. பண்ணுருட்டிச் சாலையில் ஒரு பழைய மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பவர் இட்ட கட்டளைக்குப் பிழைச் செய்தி வராமல், தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்க, ஒரு பக்கம் திரையில் விரியுமாயின், அந்த எண் சரியான எண்ணே.